சில்லென்ற தண்ணீர் பனியை உருக்குமா?



பனி எதனால் உருகுது என்று கேட்டால் எல்லோரும் உடனே "வெயிலால்" என்று சொல்வோம். ஆனால் அண்டார்டிகாவில் த்வைட்ஸ் என்கிற பனியாறு அடிப்பக்கமாக உருகிக்கொண்டிருக்கிறது. அங்கே வெயிலே படாது. உருக்குவது கடல்! எப்படி என்று பார்ப்போமா?

பனியாறு என்றால் என்ன?

பல்லாயிரம் வருடங்களாகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல மெல்ல நகர்ந்து கடலுக்கு வரும். அதுதான் பனியாறு. உலகிலேயே அகலமானது த்வைட்ஸ். அகலம் சுமார் 120 கிலோமீட்டர். பரப்பு சுமார் 1,92,000 சதுர கிலோமீட்டர்.

இதன் பின்பகுதி தரையில் உட்கார்ந்திருக்கிறது. முன்பகுதி கடலில் மிதக்கிறது. தரையை விட்டு மிதக்க ஆரம்பிக்கும் இடத்துக்குத் தரைக்கோடு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

டம்ளரில் மிதக்கிற ஐஸ் உருகினால் தண்ணீர் மட்டம் ஏறாது. ஆர்க்கிமிடீஸ் விதி படித்திருக்கிறோமே! ஆனா தரையில் இருக்கிற பனி கடலுக்கு வந்தால் மட்டம் ஏறும். அதனால் தரைக்கோடு பின்னால் போகப் போக ஆபத்து. த்வைட்ஸுக்கு அடியில் உள்ள தரை கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. உள்ளே போகப் போக இன்னும் பள்ளம். பின்வாங்க ஆரம்பித்தால் நிற்பது கஷ்டம்.

ஒரு டிகிரி சுடுதண்ணியா?

கடல்நீர் உப்பாக இருப்பதால் சுமார் மைனஸ் 2 டிகிரியில்தான் உறையும். அந்தப் பக்கத்துக் கடலின் ஆழத்தில் சுமார் 1 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் இருக்கிறது. உப்பு அதிகம், அதனால் கனம் அதிகம், அதனால் கீழேயே கிடக்கிறது. நமக்கு அது ஐஸ் வாட்டர். பனியாற்றுக்கோ சுடுதண்ணி! அதுதான் அடியில் புகுந்து உருக்குகிறது.

கணக்கு எப்படிப் போடுவார்கள்?

எவ்வளவு உருகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். இதற்காகவே மூன்று நான்கு வருடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கடலையும் பனியையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், உப்பு, வேகம் எல்லாம் கணக்கிடுவார்கள். கடல் எவ்வளவு பனியை உருக்கியது என்று பனிக் கணக்குக்குச் சொல்ல வேண்டும். பனியின் வடிவம் எப்படி மாறியது என்று கடல் கணக்குக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படி மாற்றி மாற்றி. இதைத்தான் கணினி மாதிரி என்கிறார்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர் எடுங்கள். ஒன்றில் மட்டும் மூன்று ஸ்பூன் உப்பைக் கரையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு ஐஸ் கட்டி போடுங்கள். கலக்கக் கூடாது! எது முதலில் கரையும்? உப்புத் தண்ணீரில் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. நல்ல தண்ணீரில்தான். ஏன்னா உருகிய நீர் உப்பில்லாதது, லேசானது. அது உப்பு நீரோடு சேராமல் மேலேயே தங்கி, ஐஸைச் சுற்றிக் குளிர்ந்த போர்வை மாதிரி நிற்கும். மை கலந்து உறையவைத்த ஐஸைப் போட்டால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ரோபோ கண்டது என்ன?

2020 ஜனவரியில் த்வைட்ஸ் மேல் சுடுநீரால் சுமார் 600 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, ஐஸ்ஃபின் என்ற ரோபோவை உள்ளே இறக்கினார்கள். அந்த ஆராய்ச்சியின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. பனியின் அடிப்பக்கம் தட்டையாக இருந்த இடங்களில், கணினி மாதிரிகள் சொன்னதைவிட மெதுவாகத்தான் உருகியது. நம் டம்ளரில் பார்த்த அதே போர்வை! ஆனால் விரிசல்களிலும், படிக்கட்டு போன்ற செங்குத்தான இடங்களிலும் வேகமாக உருகியது. அங்கே போர்வை நிற்காமல் வழுக்கி மேலே போய்விடும். வெப்ப நீர் நேராகப் பனியைத் தொடும்.

அப்படின்னா நல்ல செய்திதானே என்று சந்தோஷப்பட முடியாது. 1990-களின் கடைசியிலிருந்து அங்கே தரைக்கோடு சுமார் 14 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. மெதுவாக உருகியே இவ்வளவு தூரம் என்றால், வேகமாக உருகினால்? அதனால்தான் விரிசலையும் படிக்கட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

த்வைட்ஸ் முழுவதும் போனால் உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். ஒரே நாளில் நடக்காது. ஆனா கடல் எல்லாம் ஒண்ணோடு ஒண்ணு சேர்ந்ததுதானே! அங்கே உருகினால் நம் கடற்கரையிலும் ஏறும். அது எத்தனை வருடத்தில் என்பதுதான் கேள்வி. கரையை உயர்த்துவதா, ஊரை மாற்றுவதா என்று முடிவெடுக்க அந்த விடை வேண்டும்.

யோசியுங்கள்: உப்புத் தண்ணீர் டம்ளரை ஸ்பூனால் கலக்கினால் ஐஸ் என்ன ஆகும்? கடலில் அந்த ஸ்பூன் எது? விடையை இந்தத் தாளின் கீழே எழுதுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு