குளிர்ப்பெட்டியின் சிறு கருவி

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் வேங்கிக்காலில், பழைய ஃபிரிட்ஜை நம்பிப் பாலும் மாவும் வைத்திருக்கும் இல்லத்தரசிக்கும், பௌர்ணமி தினங்களில் கிரிவலம் வரும் பக்தர்களுக்காகக் குளிர்பானம் சேமிக்கும் சிறு கடைக்காரருக்கும், அந்த யந்திரம் ஒருநாள் பழுதுபட்டவுடன், ‘காஸ் போய்விட்டது, கம்ப்ரசரை மாற்ற வேண்டும்’ என்ற தீர்ப்பே முதலில் சொல்லப்படுமானால், அதற்கு இசையுமுன் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவியைச் சோதித்தாயிற்றா என்று கேட்பது அவர்களுடைய உரிமையாகும்.

அக்கருவியில் வாயு அடைத்த மெல்லிய உலோகக் குழாய் ஒன்று ஐஸ் அறையை ஒட்டிப் பதிந்திருக்கிறது. உஷ்ணம் ஏறினால் வாயு விரிந்து மின்தொடர்பை இணைக்கும். குளிர்ந்தால் சுருங்கித் துண்டிக்கும். ஆகவே காய்கறிகள் உறைந்து போகுமளவுக்கு யந்திரம் ஓயாமல் ஓடினால் அத்தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது குழாயின் முனை இடம் பெயர்ந்திருக்கலாம். உள்விளக்கு எரிந்தும் கம்ப்ரசர் அசையாதிருந்தால் தெர்மோஸ்டாட்டோடு, கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலேயையும் அதைக் காக்கும் ஓவர்லோடையும் சோதிக்க வேண்டும். ஓயாமல் ஓடியும் குளிர்ச்சியே இல்லையென்றால்தான் காஸ் கசிவைச் சந்தேகிக்கப் பலமான காரணம் உண்டு. பிளக்கைப் பிடுங்கி, கருவியின் ஒயர்களைக் கழற்றி, சாதாரண அறை உஷ்ணத்தில் குமிழைத் திருப்பி வைத்து மல்டிமீட்டரால் பார்க்கும்போது தொடர்பு காட்டவில்லையெனில் கருவி பழுது என்று அறியலாம். இது சில நிமிஷ வேலை. ஆனால் பழகிய மெக்கானிக்கின் கையால் நடக்க வேண்டிய வேலை. ஃபிரிட்ஜின் மாடலுக்குப் பொருந்தும் கருவியையே வாங்கி, குழாயை மடங்காமல் பழைய வழியிலேயே செலுத்தி, எர்த் ஒயரை மறவாமல் பூட்டுதல் அவசியம்.

தெர்மோஸ்டாட்டை நீக்கிவிட்டு மின்சாரத்தை ‘டைரக்ட்’டாகக் கொடுத்துப் போகும் வழக்கத்தை நான் கடுமையாக ஆட்சேபிக்கிறேன். அப்படிச் செய்த யந்திரம் இடைவிடாமல் ஓடி மின்கட்டணத்தை உயர்த்துவதோடு, 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் காக்கப்பட வேண்டிய இன்சுலினை உறையச் செய்துவிடவும் கூடும். உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் உபயோகத்துக்கு உதவாது. சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பதும் ஆபத்தே. ஐஸ் அறையின் காஸ் குழாய் துளைபட்டால் காஸ் வெளியேறும், ஆர்-600ஏ காஸ் உள்ள ஃபிரிட்ஜ்களில் அது தீப்பற்றக் கூடியது.

பணம் பெற்றுக்கொண்டு வேலையைக் குறைபாடாகச் செய்வதும் ரசீது தர மறுப்பதும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையீட்டுக்கு உரியவை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். பலிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணமில்லை. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. ஆயினும் வழக்குக்குச் சாட்சி வேண்டும். ஆதலால் மாற்றிய பாகத்தின் பெயரும் மாடல் எண்ணும் விலையும் எழுதிய ரசீதையும், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.