கரையில்லாக் கடல்

புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையிலே கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டவர்கள், அதனோடு எழும் அம்பாப் பாட்டையும் மறந்திருக்கமாட்டார்கள். வலையின் மடி கரையேறும் வரையில், மீன் நிறைந்திருக்குமா, வெறும் பாசிதான் வருமா என்பது எவருக்கும் தெரியாது. அந்த ஐயமே ஆர்வத்தை வளர்க்கின்றது. ஆயினும், இழுத்து முடித்த வலை மணலில் உலர்கின்றது. சோளகக் காற்று வலுத்தால் அக்கரையில் தொழிலே சில மாதம் ஓய்கின்றது. கடல் தானாகவே மனிதனுக்கு ஓய்வை வகுத்திருக்கிறது.

அதே கரையோர வீடுகளில் பிள்ளைகளின் கையில் இருக்கும் இணையத்துக்கோ பருவமும் இல்லை, கரையும் இல்லை. ஒரு படம் முடியுமுன் மறுபடம் வந்து நிற்கும். ஓர் ஆட்டம் முடிந்தால் அடுத்த ஆட்டம் அழைக்கும். அடுத்து வருவது யாதென அறியாமையே விரலை ஓயாது அசைக்கின்றது. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு இதனை முன்னரே ஆராய்ந்தார். கொத்தும்போதெல்லாம் தானியம் பெற்ற புறா, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்தது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதவாறு பெற்ற புறாவோ நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருந்தது.

பிள்ளைகளிடம் கைத்தொலைபேசியைத் தந்தவர்களைக் குறை கூறுவதும் முறையன்று. 2020 மார்ச்சில் கொரோனா நோயால் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடமே அக்கருவியின் வழியாகத்தான் வந்தது. பாடசாலைகள் திறந்த பின்னரும் கருவி கையைவிட்டு நீங்கவில்லை.

நெடுநேரம் பார்ப்பதெல்லாம் நோயாகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், மின்னணு விளையாட்டுக்கு அடிமையாதல் ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: நிறுத்த நினைத்தும் நிறுத்த இயலாமை; மற்றெல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டையே கருதுதல்; கேடு விளைவதைக் கண்டும் தொடருதல். இவை வழக்கமாக ஓராண்டளவு நீடித்து, படிப்பையும் குடும்ப வாழ்வையும் பெரிதும் குலைத்தால் மட்டுமே மருத்துவர் அதனை நோய் என்பர்.

ஆனால் அதுவரை காத்திருத்தல் அறிவுடைமையாகாது. வளரும் பருவத்தினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். அவ்வுறக்கம் தேய்வதும், பரீட்சைப் புள்ளிகள் சரிவதும், நண்பரைக் காண விருப்பமின்மையும் முன்னறிகுறிகளாகும்.

சட்டத்தால் மட்டும் இதனைத் தடுக்கலாகுமா? தென் கொரியா 2011இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாது என விதித்தது. காலப்போக்கில் பிள்ளைகள் அவ்விதிக்குள் அடங்காத கைத்தொலைபேசி விளையாட்டுகளுக்கு மாறினர். 2022 தொடக்கத்தில் அவ்விதி நீக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவும் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் முதல் தடை செய்துள்ளது. சட்டம் துணை நிற்கலாம். வீட்டின் கடமையை அது ஏற்றுக்கொள்ளாது.

அக்கடமை கடினமானதன்று. உணவு வேளையிலும் உறங்கும் அறையிலும் கைத்தொலைபேசிக்கு இடமில்லை என்ற விதி, பெற்றோர் உட்பட வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவாதல் வேண்டும். தந்தை இரவெல்லாம் திரையைப் பார்த்திருக்க, மகனை மட்டும் கண்டித்தல் பயன் தராது. திடீரெனப் பறிப்பது பகையை வளர்க்கும். பிள்ளையோடு பேசி நேரத்தை வரையறுப்பது பழக்கத்தை வளர்க்கும். விட்ட நேரம் வெறுமையாகவும் இருத்தலாகாது. மாலைப்பொழுதில் பந்து விளையாட்டும், வாசிகசாலையும், கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பணிகளும் அதனை நிரப்பலாம். இவ்வளவு செய்தும் பழக்கம் தளராதாயின், அரசினர் வைத்தியசாலை மருத்துவரை நாடுவதில் இழிவில்லை. 1926 என்னும் தேசிய மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

கரைவலைக்கு ஓய்வைத் தந்தது கடல். பிள்ளையின் கையிலுள்ள வலைக்கு ஓய்வைத் தரவேண்டியவர்கள் வீட்டுப் பெரியோர்களேயாவர்.