தோளுக்கேற்ற துப்பாக்கி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஷாட்கன் போட்டியைப் பொறுத்தவரை இந்தப் பழமொழி பாதிதான் செல்லும். அங்கே கூடம் மெய்யாகவே மூன்று மில்லிமீட்டர் கோணலாக இருந்துவிட்டால், நன்றாக ஆடத் தெரிந்தவளும் தடுக்கி விழுவாள். போட்டித் துப்பாக்கியைத் திருத்துவது என்று சொல்லப்படும் வேலையில் பெரும்பகுதி அந்த மூன்று மில்லிமீட்டரைத் தேடிப் பிடிப்பதுதான். ‘மாடிஃபை பண்ணின துப்பாக்கி’ என்றதும் நமக்கு நினைவு வருவது சினிமாதான்: இன்னும் பலமாக, இன்னும் வேகமாக, கை நிறையத் தோட்டாவோடு வெடிக்கும் ஒன்று. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் என்றால் அந்தக் கற்பனைக்குக் காலும் முளைத்துவிடும். நடக்கிற வேலையோ நேர்மாறானது. துப்பாக்கியின் பலத்தைக் கூட்டுவதில்லை. அதைச் சுடுகிறவரின் உடம்போடு பொருத்துகிறார்கள், எந்திரத்தின் குறும்பை அடக்குகிறார்கள்.

ஏன் என்பது விளையாட்டைப் பார்த்தால் விளங்கும். ஒலிம்பிக்கில் உள்ள ட்ராப் போட்டியில் குறி என்பது 11 சென்டிமீட்டர் விட்டமும் சுமார் 105 கிராம் எடையும் உள்ள களிமண் தட்டு. (களிமண் பெயருக்குத்தான், இப்போது தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்க்கிறார்கள்.) சுடுபவர் குரல் கொடுத்ததும் 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து தட்டு பாய்ந்து வரும். இடமா, வலமா, நேரா என்று முன்கூட்டித் தெரியாது. தொடாமல் விட்டால் 76 மீட்டர் போய் விழும். கொச்சியின் சுள்ளிக்கல் போல வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் அந்த 76 மீட்டருக்குள் எத்தனை கூரை, எத்தனை கடை, எத்தனை மின்கம்பி என்று எண்ணிப் பாருங்கள். இந்த விளையாட்டு ஏன் ஊரைத் தாண்டித் திடல் தேடிப் போகிறது என்பது புரியும். சுடுபவருக்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு. தகுதிச் சுற்றில் இப்படி 125 தட்டு. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், கைனான் செனாய், சோராவர் சிங் சந்து மூவரும் சேர்ந்து ஹாங்சோ ஆசியப் போட்டியில் அணித் தங்கம் வென்றபோது மூவரின் கூட்டு 375க்கு 361. அதே தொண்டைமான் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 125க்கு 118 எடுத்தார். கிடைத்தது 21ஆம் இடம். ஏழே ஏழு தட்டு. தவறுக்கு இவ்வளவு இடுக்கான இடம் தரும் விளையாட்டில் பலத்தால் தப்பிக்க வழியில்லை. விதி அதை முன்பே அடைத்துவிட்டது: குழல் 12 போருக்கு மேல் போகக்கூடாது, தோட்டாவில் ரவை 24 கிராம், ஒரு ரவையின் விட்டம் 2.6 மில்லிமீட்டருக்குள். எல்லார் கையிலும் ஒரே மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூன்று மில்லிமீட்டர். ரைஃபிளில் குறிபார்க்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அடையாளம் உண்டு. ஷாட்கன்னில் குழல் நுனியில் ஒரு சிறு மணி மட்டும். பின் அடையாளம் இல்லை. அந்த இடத்தில் இருப்பது சுடுபவரின் கண். கண் எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்வது கன்னம். கன்னம் எங்கே படுகிறது என்பதை முடிவு செய்வது மரக்கட்டையின் மேல்விளிம்பு. கண்ணுக்கும் குழல் நுனிக்கும் தூரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். தட்டு பெரும்பாலும் உடைவது 35 மீட்டர் அளவில். ஆக, கன்னம் மூன்று மில்லிமீட்டர் உயர்ந்தால் ரவைக் கூட்டம் அங்கே 10 சென்டிமீட்டருக்குமேல் உயரும். ஏறத்தாழ ஒரு தட்டின் அகலம். கூட்டம் விரிந்து போவதால் ஓரத்து ரவை ஒன்றிரண்டு பட்டுத் தட்டு உடையவும் கூடும். ஆனால் ஓரத்தை நம்பி 125 முறை சுட முடியாது. ஆகவேதான் ட்ராப் துப்பாக்கிகளில் மேல்விளிம்பைத் தனித்துண்டாக வெட்டி, திருகு வைத்து ஏற்றி இறக்குகிறார்கள். கட்டையின் நீளத்தைக் கைக்கும் கழுத்துக்கும் ஏற்றபடி கூட்டிக் குறைக்கிறார்கள். தட்டு எழுந்துகொண்டே போவதால் வேண்டுமென்றே சற்று உயரச் சுடும்படி வைப்பதும் உண்டு. அப்போது தட்டு குழலுக்குமேல் மிதப்பது போலத் தெரியும், குழல் அதை மறைக்காது. சுடுவதற்கு முன்பே துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொள்ள ட்ராப்பில் அனுமதி உண்டு என்பதால் இந்தப் பொருத்தத்தை ஒவ்வொரு தட்டுக்கும் சரிபார்த்துக்கொள்ளலாம். இடுப்பளவில் பிடித்திருந்து தூக்கிச் சுடும் ஸ்கீட்டில் அந்த வாய்ப்பும் இல்லை. அங்கே கட்டை தானாகவே கன்னத்தில் வந்து அமர வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக்குக்கு வருவோம். சர்வதேச விதி அதைத் தடுக்கவில்லை, இரண்டு தோட்டாவுக்குமேல் ஏற்றக்கூடாது என்கிறது, அவ்வளவே. (கையால் இழுத்து ஏற்றும் பம்ப் துப்பாக்கிக்குத்தான் தடை.) ஆனாலும் உச்சப் போட்டிகளில் பெரும்பாலும் காண்பது மேலும் கீழுமாகக் குழல் வைத்த இரட்டைக்குழல் துப்பாக்கி. காரணம் எளிது. ட்ராப் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி உண்டு. இரண்டாவது வெடிக்குள் தட்டு இன்னும் தூரம் போயிருக்கும். இரட்டைக்குழலில் முதல் குழலை ரவை சற்று விரியும்படியும், அடுத்ததை நெருங்கிப் போகும்படியும் வைக்கலாம். ஒற்றைக்குழலில் ஒரே சோக்தான் (ரவை எவ்வளவு விரியும் என்பதை முடிவு செய்யும் குழல் நுனியின் குறுக்கம்). அதோடு இரட்டைக்குழலை மடித்துத் திறந்தால், உள்ளே தோட்டா இல்லை என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். செமி ஆட்டோமேட்டிக்கின் பக்கத்தில் நிற்பவருக்கோ பறந்து வரும் காலித் தோட்டாவின் தரிசனம்.

செமி ஆட்டோமேட்டிக்கின் பெரிய குறை நம்பகமின்மை. வெடித்த தோட்டாவின் சக்தியிலிருந்தே அது அடுத்த வேலைக்குக் கூலி எடுத்துக்கொள்கிறது. ஒரு வகையில் குழலில் உள்ள துளை வழியே வெப்ப வாயு வந்து பிஸ்டனைத் தள்ளும். இன்னொரு வகையில் துப்பாக்கி பின்னால் உதைக்கும் அசைவே உள்ளே ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். கனமான வேட்டைத் தோட்டாவுக்கு வடிவமைத்த எந்திரத்தில் 24 கிராம் போட்டுச் சுட்டால் கூலி போதாமல் பாதியில் நின்றுவிடலாம். இந்தச் சிக்கல் இன்று வந்ததல்ல. ஜான் பிரவுனிங் 1900இல் காப்புரிமை பெற்ற ஆட்டோ-5 துப்பாக்கியிலேயே கனத் தோட்டாவுக்கு ஒரு மாதிரி, லேசான தோட்டாவுக்கு இன்னொரு மாதிரி மாற்றி மாட்டும் உராய்வு வளையம் இருந்தது. செமி ஆட்டோமேட்டிக்கை ட்யூன் செய்வது இன்றும் அதே வேலைதான்: எடுத்துக்கொண்ட தோட்டாவுக்கு எந்திரத்தைப் பழக்குவது, கரியைத் துடைப்பது, உராயும் இடத்தை வழவழப்பாக்குவது. வேடிக்கை என்னவென்றால், உதையில் ஓடும் வகையில் உதையைக் குறைக்கக் கனம் சேர்த்தால், துப்பாக்கி மெதுவாகப் பின்வாங்கி, லேசான தோட்டாவில் ஸ்பிரிங் சரியாக அமுங்காமல் போகலாம். ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று கெடுகிறது.

கனத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பொதுப் புத்தி மிகவும் வழுக்குகிறது. லேசான துப்பாக்கி சுலபம் என்று தோன்றும். ஒரே தோட்டாவைச் சுட்டால் மூன்று கிலோ துப்பாக்கியைவிட நான்கு கிலோ துப்பாக்கியின் உதைக்கு ஆற்றல் கால் பங்கு குறைவு. நூறு வெடிக்குமேல் வாங்கும் தோளுக்கு இது சின்ன விஷயமில்லை. வாயுவில் ஓடும் செமி ஆட்டோமேட்டிக்கை இளம் வீரர்கள் சிலர் விரும்புவதும் உதை சற்று நீண்டு, இதமாக வருவதால்தான். அதைவிட முக்கியம் வீச்சு. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் உள்ள தோபி கானா சலவைக்கூடத்தில் தமிழ் வண்ணார்கள் ஓட்டும் கரி இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கனத்த பெட்டி புறப்பட்டுவிட்டால் துணியின்மேல் ஒரே சீராக ஓடும். லேசான பெட்டி கையின் ஒவ்வொரு தயக்கத்தையும் மடிப்பாகப் பதித்துவிடும். தட்டைத் துரத்தும் குழலும் அப்படியே. அதனால்தான் நுனிப்பக்கமோ கட்டைக்குள்ளோ எடை சேர்த்து, இரண்டு கைக்கும் நடுவே சமன் விழும் இடத்தைத் தேடுகிறார்கள்.

இவ்வளவுதானா, அப்படியானால் ஏன் லட்சக்கணக்கில் விலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்குவது பலத்தையல்ல, லட்சம் முறை வெடித்தாலும் விசையின் அழுத்தம் மாறாத இறுக்கத்தை. ஆனால் விலையுயர்ந்த துப்பாக்கியில் மந்திரம் இருக்கிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்க ஸ்கீட் வீராங்கனை கிம் ரோடு பல ஒலிம்பிக் கண்ட தன் பழைய துப்பாக்கியை 2008இல் திருட்டுக்குப் பறிகொடுத்தார். 2012 லண்டனில் வேறு துப்பாக்கியோடு 100க்கு 99 சுட்டுத் தங்கம் வென்றார். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: ஐ.பி.எஸ்.சி. போன்ற ஓடிச் சுடும் போட்டிகளில் செமி ஆட்டோமேட்டிக்கை உண்மையிலேயே வேகத்துக்காக மாற்றுகிறார்களே? மாற்றுகிறார்கள்; எவ்வளவு மாற்றலாம் என்பதைக் கொண்டே அங்கே பிரிவுகள் வகுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கும் நேரம் கரைவது வெடிப்பதில் அல்ல, தோட்டா நிரப்புவதில். நிரப்பும் வாயைச் சீராக்குவதும் கைப்பிடியைப் பெரிதாக்குவதும் விரல் தடுமாறாமல் இருக்க. உடம்புக்கு எந்திரத்தைப் பொருத்தும் அதே கதை, தோளுக்குப் பதில் விரல்.

நம் நாட்டில் இதற்கு எல்லையும் உண்டு. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிப் பழுதுபார்ப்பதே உரிமம் பெற்றவரின் தொழில். குழலைக் குட்டையாக்குவதற்கும், ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக்குவதற்கும் தனி உரிமம் வேண்டும். எந்திரத்தில் கைவைக்கும் ஆசை அங்கேயே நின்றுவிட வேண்டும். மரக்கட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே நடப்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை. திடலில் 35 மீட்டரில் பெரிய வெள்ளைத் தாளை நிறுத்தி, நடுவில் புள்ளி வைத்து, யோசிக்காமல் தூக்கிச் சுடுவார்கள். வலக்கைக்காரரின் ரவை நாலைந்து முறையும் இடப்பக்கமே சரிந்து விழுந்தால், கன்னம் தடித்துக் கண்ணை இடப்பக்கம் தள்ளுகிறது என்று பொருள். கட்டையில் ஒட்டியிருக்கும் பட்டையில் ஒரு சுற்றை உரித்துவிட்டு, தாளை மாற்றி மறுபடி சுடுவார்கள்.