கூலன்ட் ஃபுல்லா இருக்கு... ஆனாலும் வார்னிங் லைட் எரியுதா? கோளாறு எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டில் 'கூலன்ட் குறைவு' என்று எச்சரிக்கை. பதறிப்போய் பானெட்டைத் திறந்து பார்த்தால், டேங்கில் அளவு சரியாகத்தான் இருக்கிறது. "சென்சார் போயிருக்கும், விடுங்க" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உறுதி செய்யாமல் ஓட்டினால் இன்ஜினுக்கே ஆபத்து.

டேங்க் நிஜமாவே நிறைஞ்சிருக்கா?

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் அளவு பார்க்கணும். சூட்டில் கூலன்ட் விரிவடைவதால், குறைவாக இருந்தாலும் போதுமான அளவு இருப்பதுபோல் தெரியும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது; உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் கொதிக்கக் கொதிக்க முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

பழைய கார்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. பிளாஸ்டிக் டேங்கில் படிந்த பழுப்புக் கறை, பார்க்கிறதுக்கு கூலன்ட் மாதிரியே இருக்கும். டார்ச் அடித்து, காரை லேசாக ஆட்டிப் பாருங்க. உள்ளே அசைந்தால்தான் கணக்கு.

அளவு சரிதான்... அப்போ பிரச்சனை எதில்?

பல கார்களில் டேங்குக்குள் காந்தம் வைத்த சின்ன மிதவை ஒன்று இருக்கும். அதில் கசடு ஒட்டினாலோ, விரிசல் வழியே கூலன்ட் புகுந்தாலோ மேலே எழும்பாது. லைட் எரியும்.

வேறு சில கார்களில் மிதவையே கிடையாது. டேங்கின் அடியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். கூலன்ட் வழியாக அவற்றுக்கிடையே மின்சாரம் கடந்தால் 'இருக்கு' என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி வைத்தால், அதில் மின்சாரம் சரியாகக் கடக்காது. டேங்க் நிறைந்திருந்தும் காலி என்று காட்டலாம். அதுக்காக போர் தண்ணியை ஊற்றினால், அதன் உப்பு முனைகளில் படிந்து அதே கோளாறு வரும், ரேடியேட்டரும் அடைத்துக்கொள்ளும். மேனுவலில் சொன்ன கூலன்ட்தான் சரி.

சென்சாருக்குப் போகும் கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலும், எலி வயரைக் கடித்திருந்தாலும் இதே கதைதான். மிதவை வகை என்றால், மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்து மிதவையை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். ரீடிங் மாறாவிட்டால் சென்சார் அவுட். மாறினால் வயரிங்கைப் பார்க்க வேண்டியதுதான். சில மாடல்களில் சென்சார் டேங்கோடு சேர்ந்தே வரும் என்பதால் டேங்கையே மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவுக்கு முன், ஒருமுறை கழற்றிக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்க.

'டெம்பரேச்சர் முள் நார்மல்தானே?'

பலரும் ஏமாறுவது இங்கேதான். வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் வடிந்து அது காற்றில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கலாம். ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட்டே வளைந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். இதனால்தான் லைட்டை அணைக்க வயரை முறுக்கி ஷார்ட் செய்துவிடுவது மோசமான யோசனை.

சந்தேகம் தீர எளிய வழி: கூலன்ட் நிற்கும் மட்டத்தில் டேங்கின் மேல் ஒரு டேப் ஒட்டி, ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்க. மட்டம் இறங்கவே இல்லை என்றால் சென்சார் பக்கம் போகலாம். இறங்கினால் லைட் சொன்னது உண்மை. ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எங்கும் ஈரமே இல்லாமல் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கணும். சமீபத்தில்தான் கூலன்ட் மாற்றினீர்கள் என்றால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் கொஞ்சம் இறங்குவது சகஜம். நிரப்பிவிட்டு மறுபடி கவனிங்க.

ஓடிக்கொண்டிருக்கும்போதே லைட் எரிந்தால், 'பொய் எச்சரிக்கையா இருக்கும்' என்று தொடராமல் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்க. மூடியைத் தொடாமல், டேங்கை வெளியில் இருந்தே பாருங்க. காலி என்றால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்க.