ஐரோப்பிய வேதித் தொழில்: ஆலைகள் மூடப்பட்டால் நச்சு எங்கே போகும்?

ஜெர்மனியின் ரைன் நதிக்கரை நகரமான லுட்விக்ஸ்ஹாஃபெனில், சுமார் 10 சதுர கி.மீ. பரப்பில் விரிந்திருக்கிறது பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் வேதித் தொழில் வளாகம். ஒரே இடத்தில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட வேதி ஆலைகளின் தொகுப்புகளில் உலகிலேயே பெரியது இதுதான். 2023 பிப்ரவரியில், இங்குள்ள இரண்டு அம்மோனியா ஆலைகளில் ஒன்றை மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. மெத்தை, இருக்கைகளுக்கான நுரைப்பொருள் தயாரிப்பில் பயன்படும் டிடிஐ ஆலையும் மூடப்படும் பட்டியலில் இருந்தது. உலகெங்கும் 2,600 பணியிடங்கள் குறைக்கப்படும் என்றும் கூறப்பட்டது.

இந்த அறிவிப்புக்கு வரலாற்று முக்கியத்துவம் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா தயாரிக்கும் ஹேபர்-பாஷ் முறை, 1913இல் முதன்முதலாகத் தொழிற்சாலை அளவில் செயல்படத் தொடங்கியது இதே வளாகத்தையொட்டிய ஓப்பாவில்தான். இந்த முறை தொழிலாகப் பிறந்த இடத்திலேயே அம்மோனியா உற்பத்தி கட்டுப்படியாகவில்லை என்றால், சிக்கல் ஒரு நிறுவனத்தோடு நிற்பதல்ல.

இந்த நெருக்கடிக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, எரிசக்தியின் விலை. மற்றொன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான சுற்றுச்சூழல் விதிகள். இரண்டில் எதை நம்புகிறோம் என்பதைப் பொறுத்தே தீர்வும் அமையும். அதன் விளைவுகள் ஐரோப்பாவுக்கு வெளியேயும் உணரப்படும்.

எரிபொருளும் மூலப்பொருளும்

பெரும்பாலான தொழில்களுக்கு எரிவாயு வெறும் எரிபொருள். வேதித் தொழிலுக்கு அதுவே மூலப்பொருளும்கூட. அம்மோனியாவுக்குத் தேவையான ஹைட்ரஜன், இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. எனவே, எரிவாயு விலை உயரும்போது இத்தொழில் இரண்டு முறை அடி வாங்குகிறது.

உக்ரைன் போருக்கு முன்பு, ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கும் மேற்பட்டது ரஷ்யாவிலிருந்து குழாய் வழியே வந்தது. நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு மெகாவாட்-மணி எரிவாயுவின் விலை ஏறக்குறைய 20 யூரோவாக இருந்தது. 2022 ஆகஸ்ட்டில் அது 300 யூரோவைத் தாண்டியது. அப்போது ஐரோப்பாவின் அம்மோனியா உற்பத்தித் திறனில் சுமார் 70% முடங்கியதாக உர உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பு தெரிவித்தது. 2022இல் மட்டும் எரிசக்திக்காகத் தான் கூடுதலாகச் செலவிட்ட தொகை 320 கோடி யூரோ என்று பிஏஎஸ்எஃப் கணக்குக் காட்டியது.

பின்னர் விலை வெகுவாகக் குறைந்தது. எனினும், பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குழாயில் வந்த எரிவாயுவுக்குப் பதிலாக, அமெரிக்கா போன்ற நாடுகளில் குளிரூட்டித் திரவமாக்கப்பட்டு, கப்பலில் கடல் கடந்து வந்து, மீண்டும் வாயுவாக்கப்படும் எரிவாயுவை ஐரோப்பா நம்பியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் செலவு கூடுகிறது. ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மரியோ திராகி 2024 செப்டம்பரில் அளித்த அறிக்கை, ஐரோப்பிய நிறுவனங்கள் எரிவாயுவுக்கு அமெரிக்க நிறுவனங்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை அதிக விலை கொடுப்பதாகச் சுட்டிக்காட்டியது.

சங்கிலியின் முதல் கண்ணி

வேதித் தொழிலின் மற்றொரு தூண், ‘கிராக்கர்’ எனப்படும் பிளப்பு ஆலை. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாஃப்தாவை நீராவியுடன் கலந்து 800 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, எத்திலீன், புரொப்பிலீன் போன்ற அடிப்படைப் பொருள்களாகப் பிளப்பது இதன் வேலை. பிளாஸ்டிக், பெயின்ட், பசை, செயற்கை இழை, மருந்துகளுக்கான மூலப்பொருள் எனப் பலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன. ஐரோப்பாவின் பிளப்பு ஆலைகளில் பல 40 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. அமெரிக்க ஆலைகளோ ஷேல் படிமங்களிலிருந்து மலிவாகக் கிடைக்கும் ஈத்தேனைப் பயன்படுத்துகின்றன.

போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாத ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. பிரான்ஸின் கிராவன்ஷோனில் எக்ஸான்மொபில் தனது பிளப்பு ஆலையை நிறுத்தியது. இத்தாலியில் எஞ்சியிருந்த பிரிந்திசி, பிரியோலோ ஆலைகளை மூட வெர்சாலிஸ் நிறுவனம் முடிவெடுத்தது. ஜெர்மனியின் பூலன் நகரிலுள்ள பிளப்பு ஆலையையும் ஷ்கோபாவ் நகரிலுள்ள குளோரின் ஆலையையும் 2027 இறுதிக்குள் மூடப்போவதாக டவ் நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்தது. 2023, 2024 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 1.1 கோடி டன்னுக்கும் மேற்பட்ட உற்பத்தித் திறனை மூடும் அறிவிப்புகள் வெளியானதாக ஐரோப்பிய வேதித் தொழில் கூட்டமைப்பான செஃபிக் கூறுகிறது.

இந்த மூடல்களைத் தனித்தனியே பார்க்க முடியாது. ஓர் ஆலையின் கழிவு வெப்பம் அடுத்த ஆலையின் நீராவியாகிறது. ஒன்றின் துணைப்பொருள் மற்றொன்றின் மூலப்பொருளாகிறது. லுட்விக்ஸ்ஹாஃபென் வளாகத்துக்குள் மட்டும் ஏறக்குறைய 2,800 கி.மீ. நீளத்துக்குக் குழாய்கள் ஓடுகின்றன. இத்தகைய அமைப்பில் முதல் கண்ணி அறுந்தால், அதைச் சார்ந்த சிறிய ஆலைகளும் தடுமாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சுமார் 12 லட்சம் பேருக்கு நேரடி வேலை தரும் துறை இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சீனாவின் எழுச்சி

சரிவு 2022இல் தொடங்கியதும் அல்ல. செஃபிக் வெளியிட்ட தரவுகளின்படி, 2003இல் உலக வேதிப்பொருள் விற்பனையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு 28%. 2023இல் அது 13% ஆகிவிட்டது. அதே ஆண்டில் சீனாவின் பங்கு 43%. உள்நாட்டுத் தேவையை விஞ்சும் அளவுக்குச் சீனா ஆலைகளைக் கட்டிக்குவித்ததால், உபரிச் சரக்கு உலகச் சந்தையில் விலையைக் கீழே தள்ளுகிறது. ஜெர்மனியில் ஆலைகளை மூடிய பிஏஎஸ்எஃப் நிறுவனமே, சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலுள்ள ஜான்ஜியாங் நகரில் சுமார் 1,000 கோடி யூரோ மதிப்பில் ஒரு பெரும் வளாகத்தைத் திட்டமிட்டுக் கட்டியது.

சீன வேதித் தொழிலின் ஒரு பகுதி நிலக்கரியை மூலப்பொருளாகக் கொண்டது. நிலக்கரியிலிருந்து எத்திலீன் தயாரிக்கும்போது, நாஃப்தாவிலிருந்து தயாரிப்பதைவிட அதிகமான கரியமில வாயு வெளியாகிறது. எனவே, ஐரோப்பாவில் ஓர் ஆலை மூடப்பட்டு அதன் இடத்தை இத்தகைய ஆலை நிரப்பினால், ஐரோப்பாவின் உமிழ்வுக் கணக்கு அழகாகத் தெரியும். பூமியின் கணக்கு மோசமாகும்.

விதிகள் ஏன் வந்தன?

2024 பிப்ரவரியில் ஆன்ட்வெர்ப் நகரிலுள்ள பிஏஎஸ்எஃப் வளாகத்தில் கூடிய 73 தொழில் துறைத் தலைவர்கள், ஒரு பிரகடனத்தை வெளியிட்டனர். மலிவான எரிசக்தி, முதலீட்டு ஆதரவு ஆகியவற்றோடு விதிமுறைகளை எளிமையாக்கவும் அவர்கள் கோரினர். இந்தக் கோரிக்கையை ஒரேயடியாகப் புறந்தள்ள முடியாது. அனுமதி பெறுவதில் உள்ள தாமதமும் ஒன்றோடொன்று முரண்படும் விதிகளும் உண்மையான சுமைகள்தான். ஆன்ட்வெர்ப்பில் இனியோஸ் நிறுவனம் கட்டும் புதிய பிளப்பு ஆலைக்கான அனுமதி, நைட்ரஜன் மாசு தொடர்பான வழக்கில் 2023இல் ரத்தாகி, 2024இல்தான் மீண்டும் கிடைத்தது.

ஆனால், அந்த விதிகள் அதிகாரிகளின் கற்பனையில் உதித்தவை அல்ல. 1976இல் இத்தாலியின் செவேசோ பகுதியில் ஓர் ஆலையிலிருந்து டையாக்ஸின் நச்சு மேகம் பரவியது. பேராபத்துத் தொழிற்சாலைகளுக்கான ஐரோப்பிய நெறிமுறை 1982இல் அந்தப் பெயராலேயே பிறந்தது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சாண்டோஸ் நிறுவனக் கிடங்கு தீப்பற்றியது. தீயணைக்கப் பாய்ச்சிய நீருடன் பூச்சிக்கொல்லிகள் கலந்து ரைன் நதி சிவப்பாக ஓடியது. பல நூறு கி.மீ. தொலைவுக்கு மீன்கள் செத்து மிதந்தன. அதன் பிறகே, ரைன் கரை நாடுகள் ஒன்றுசேர்ந்து நதியை மீட்கும் திட்டத்தை வகுத்தன. சால்மன் மீன்கள் ரைனுக்குத் திரும்பியது அதன் பலன்.

2007இல் நடைமுறைக்கு வந்த ‘ரீச்’ சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு வேதிப்பொருள் ஆபத்தானது என அரசு நிரூபிக்க வேண்டும் என்ற நிலை மாறி, அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியும் என்பதற்கான தரவுகளைத் தயாரிப்பாளரே அளிக்க வேண்டும் என்றானது. தரவு இல்லையேல் சந்தை இல்லை என்பதே இதன் அடிப்படை. 1990ஐ ஒப்பிட்டால் ஐரோப்பிய வேதித் துறையின் பசுங்குடில் வாயு உமிழ்வு இன்று பாதிக்கும் கீழ். இதில் பெரும்பங்கு, நைட்ரிக் அமிலம், அடிபிக் அமிலம் தயாரிக்கும் ஆலைகள் வெளியிட்ட நைட்ரஸ் ஆக்ஸைடைக் கட்டுப்படுத்தியதால் கிடைத்தது. கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. ஆலைகளை மூடாமலே மாசைக் குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

என்றும் அழியாத கடன்

ஒட்டாத சமையல் பாத்திரம், மழைக்கோட்டு, தீயணைப்பு நுரை, மின்னணுச் சில்லுகள் எனப் பலவற்றிலும் பயன்படும் பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருள்கள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. இவற்றில் சில புற்றுநோயுடனும் நோய் எதிர்ப்புத் திறன் குறைவுடனும் தொடர்புடையவை. ஆன்ட்வெர்ப் அருகே ஸ்விண்ட்ரெக்டில் உள்ள தனது ஆலை ஏற்படுத்திய மாசுக்காக, 2022இல் 57.1 கோடி யூரோ வழங்க 3எம் நிறுவனம் ஃபிளாண்டர்ஸ் அரசுடன் உடன்பாடு செய்துகொண்டது.

இத்தாலியின் திரிசினோவில் இயங்கிய மித்தேனி ஆலையின் கதை இதைவிடக் கொடியது. விசென்சா, வெரோனா, பதுவா மாகாணங்களில் சுமார் மூன்றரை லட்சம் பேர் பயன்படுத்திய நீரில் இந்த நச்சு கலந்திருந்தது 2013இல் வெளிப்பட்டது. பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையில் ஏந்தித் தாய்மார்கள் போராடினர். 2018இல் நிறுவனம் திவாலானது. 2025 ஜூனில் விசென்சா நீதிமன்றம், அந்த ஆலையோடு தொடர்புடைய 11 முன்னாள் நிர்வாகிகளுக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

அந்த ஆலையின் இயந்திரங்கள் என்னவாயின? 2019இல் ஏலத்தில் அவற்றை வாங்கியது ஓர் இந்திய நிறுவனம். கழற்றி, கப்பலேற்றப்பட்டு, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்திலுள்ள லோட்டே தொழிற்பேட்டையில் அவை நிறுவப்பட்டன. இயந்திரம் வந்ததாலேயே மாசும் வந்துவிட்டது என்று பொருளல்ல. அதே இயந்திரத்தை வேறு விதமான சுத்திகரிப்புடன் இயக்க முடியும். கேள்வி கண்காணிப்பைப் பற்றியது. ஒரு லிட்டர் குடிநீரில் 20 வகை பிஎஃப்ஏஎஸ் பொருள்களின் மொத்த அளவு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பிய விதி. இந்தியாவின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500இல் இவற்றுக்கென வரம்பே இல்லை. அளவிடப்படாத நச்சு, ஆவணங்களில் இல்லாத நச்சாகிவிடும்.

எது உண்மையான மருந்து?

2025 ஜூலையில் வேதித் தொழிலுக்கான செயல்திட்டத்தை வெளியிட்ட ஐரோப்பிய ஆணையம், சில விதிகளை எளிமையாக்குவதால் ஆண்டுக்குக் குறைந்தது 36.3 கோடி யூரோ மிச்சமாகும் என்று மதிப்பிட்டது. இது ஒட்டுமொத்தத் துறைக்கான தொகை. பிஏஎஸ்எஃப் என்ற ஒரே நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கூடுதல் எரிசக்திச் செலவோ 320 கோடி யூரோ. உச்ச விலை ஆண்டோடு செய்யும் ஒப்பீடு என்று இதில் தள்ளுபடி கொடுத்தாலும், நோயின் வேர் எங்கே இருக்கிறது என்பது தெளிவு. விதிகளைத் தளர்த்துவதால் எரிவாயு மலிவாகாது. சீனாவின் உபரி உற்பத்தியும் குறையாது.

உண்மையான மருந்து மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, மலிவான தூய மின்சாரம். மின்சாரத்தால் சூடாக்கப்படும் பிளப்பு உலையின் செயல்விளக்க அமைப்பு 2024இலும், 54 மெகாவாட் திறனுள்ள ஹைட்ரஜன் மின்பகுப்பு ஆலை 2025இலும் லுட்விக்ஸ்ஹாஃபெனில் இயங்கத் தொடங்கின. மின் கட்டணம் குறையாவிட்டால் இவை காட்சிப் பொருள்களாகவே நின்றுவிடும். இரண்டாவது, எல்லையில் கார்பன் கணக்கு. 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ள ஐரோப்பிய எல்லைக் கார்பன் ஏற்பாட்டில் உரமும் ஹைட்ரஜனும் உண்டு. பிளாஸ்டிக் மூலப்பொருள்களும் பெரும்பாலான கரிம வேதிப்பொருள்களும் இல்லை. உள்ளூர் ஆலை தன் உமிழ்வுக்கு விலை கொடுக்க, நிலக்கரியில் தயாரான இறக்குமதிச் சரக்கு விலையில்லாமல் நுழைந்தால், சட்டத்தை மதிப்பவரே தண்டிக்கப்படுகிறார். இந்த ஏற்பாட்டை விரிவுபடுத்தும்போது, வளரும் நாடுகளின் ஆலைகள் மாறுவதற்கு நிதியும் தொழில்நுட்பமும் சேர்ந்து வழங்கப்பட வேண்டும். மூன்றாவது, ஓர் ஆலை வேறு நாட்டுக்கு விற்கப்படும்போது, அதன் மாசு வரலாறும் ஆய்வுத் தரவுகளும் இயந்திரங்களோடு சேர்த்து ஒப்படைக்கப்பட வேண்டும்.

கடைசிப் பொறுப்பு நம்முடையதும்கூட. ஐரோப்பாவின் சரிவை இந்திய வேதித் தொழிலுக்கான வாய்ப்பாகப் பார்க்கும் குரல்கள் இங்கே ஒலிக்கின்றன. வேலையும் ஏற்றுமதியும் பெருகுமானால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால், செவேசோவுக்கும் ரைனுக்கும் பிறகு ஐரோப்பா கற்ற பாடத்தை, போபால் கண்ட நாடு புதிதாகக் கற்கத் தேவையில்லை. ஆலைகளை வரவேற்கும் முன்பே குடிநீருக்கான வரம்பையும், அதை அளக்கும் ஆய்வகங்களையும், மீறுவோரைத் தண்டிக்கும் துணிவையும் நாம் உருவாக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், ஐரோப்பாவில் மூடப்படும் ஆலைகளின் லாபம் சிலருக்கும், அவற்றின் நச்சு பலருக்கும் என்று பங்கிடப்பட்டுவிடும்.