சாந்தோம் பேராலயமும் நவீனத்துவக் கட்டடக்கலைக் கோட்பாடும்

முன்னுரை

மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டியுள்ள சாந்தோம் பேராலயம், புதுக்கோதிக் பாணிக்குரிய சான்றாகவே பொதுவாகச் சுட்டப்பெறுகிறது. ஆயினும், நவீனத்துவம் பின்னர் வலியுறுத்திய பயன்பாட்டுக் கோட்பாட்டை அதன் கோபுர அமைப்பில் காண இயலும். மும்பை தாதரிலுள்ள மீட்பின் அன்னை ஆலயத்துடன் ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

கல்லறையும் கோபுரமும்

திருத்தூதர் தோமாவின் கல்லறை எனப் போற்றப்படும் இடத்தில் போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஆலயம் எழுப்பினர். அது அகற்றப்பட்டு, அதே இடத்தில் இன்றைய கட்டடம் 1893 முதல் 1896 வரை உருவானது. இதனை வடிவமைத்தவர் இராணுவப் பொறியாளர் கேப்டன் பவர். 155 அடி உயரமுள்ள மணிக்கோபுரம் தொலைவிலிருந்தே ஆலயத்தை அடையாளம் காட்டுகிறது. சிறிய இரண்டாம் கோபுரமோ கல்லறைக்கு நேர்மேலே நிற்கிறது.

கோதிக் ஆலயங்களில் முகப்பின் இருபுறமும் இணைக்கோபுரங்கள் அமைவதுண்டு. சிலுவைத்தளத்தின் சந்திப்பில் கோபுரம் எழுப்பும் மரபும் உண்டு. எனவே இரண்டாம் கோபுரம் இருப்பது புதுமையன்று. அதன் இடத்தைக் கல்லறையே முடிவுசெய்தது என்பதுதான் கருதத்தக்கது. தரைக்குக் கீழுள்ள புனிதத்தலத்தை வெளியிலிருந்து காண்போருக்கும் அது உணர்த்துகிறது.

பயனிலிருந்து தட்பவெப்பத்திற்கு

பேராலயம் அர்ச்சிக்கப்பெற்ற 1896ஆம் ஆண்டிலேயே, வடிவம் பயனைப் பின்பற்ற வேண்டும் என்னும் கருத்தை அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி சல்லிவன் தம் கட்டுரையில் முன்வைத்தார். இவற்றிடையே நேர்த்தொடர்பு இல்லை. எனினும், சாந்தோமின் இரண்டாம் கோபுரம் அக்கருத்தோடு இயைந்து நிற்கிறது.

தாதர் ஆலயமும் போர்ச்சுக்கீசியர் காலத்தது, 1596இல் தோன்றியது. 1970களில் சார்லசு கொரியா அதற்குப் புதிய கட்டடம் வடிவமைத்தார். கூம்புபோல் உயரும் கான்கிரீட் ஓடுகளின் உச்சி வழியே வெப்பக்காற்று வெளியேறுகிறது. மூடிய இடங்களுக்கிடையே திறந்த முற்றங்கள் அமைந்துள்ளன. வடிவம் தட்பவெப்பத்தைப் பின்பற்றும் என்பது கொரியாவின் கொள்கை. சாந்தோமில் கல்லறை கோபுரத்தின் இடத்தை வகுத்தது. தாதரில் காற்றும் வெயிலும் கூரையின் உருவத்தை வகுத்தன.

முடிவுரை

ஈரிடத்தும் பழைய கட்டடம் மறைந்தது, வழிபாட்டிடம் நிலைத்தது. பாணியை மட்டும் கொண்டு ஒன்றைப் பழமை என்றும் மற்றொன்றைப் புதுமை என்றும் பகுத்தால் இவ்வொற்றுமை புலப்படாது. மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும்போது, முகப்பின் அணிவேலைப்பாட்டுடன் இடத்திற்கும் வடிவத்திற்கும் உள்ள உறவும் காக்கப்பட வேண்டும். கல்லறைக்கும் கோபுரத்திற்கும் உள்ள நேர்த்தொடர்பு புலப்படாதவாறு செய்யப்படும் எந்த மாற்றமும், கட்டடம் முழுமையாக நின்றாலும், அதன் பொருளைக் குறைத்துவிடும்.