பாதை நீண்டால் ஊர் பிழைக்கும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளின் நடுவே, சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் லெட்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. வெள்ளிச் சுரங்கங்களால் பிறந்த ஊர். 1893-இல் வெள்ளியின் விலை சரிந்தபோது ஊரும் சரிந்தது. பிறகு அதைத் தாங்கிப் பிடித்தது மாலிப்டினம், எஃகுக்கு உறுதி சேர்க்கும் உலோகம். பக்கத்திலிருந்த கிளைமாக்ஸ் சுரங்கத்தை நம்பித்தான் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. 1982-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. சுமார் 3,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் ஒருவர் கென் க்லோபர். ஊருக்கு மறுபடி ஆள் வர என்ன வழி என்று அவரும் நண்பர்களும் தேடியபோது கிடைத்த விடை விசித்திரமானது: மலைமேல் 100 மைல் ஓட்டப்பந்தயம். 1983-இல் அது தொடங்கியது. 1994-இல் அதே தூரத்துக்கு மவுண்டன் பைக் பந்தயமும் வந்தது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் சைக்கிள்காரர்கள் இதில் இடம் கேட்டுக் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள்.

ஏன் 100 மைல்? க்லோபரின் கணக்கு எளிது. பந்தயம் சிறியதாக இருந்தால் வந்தவர்கள் மாலையிலேயே ஊர் திரும்பிவிடுவார்கள். உடல் முழுக்கக் களைத்துப் போகுமளவு நீளமாக இருந்தால் இரவு தங்கியே ஆக வேண்டும். தங்கினால் அறை வாடகை, சாப்பாடு, கடைக்கணக்கு எல்லாம் ஊருக்குள்ளேயே சேரும். இந்தக் கணக்கில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அறப்பணிக்காக நடத்தப்படும் நெடுந்தூரப் பந்தயங்களைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு வசூலானது என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். அந்தத் தொகையைவிட முக்கியமான கேள்வி, பந்தயம் யாருடைய மண்ணில் ஓடுகிறதோ அந்த ஊருக்கு அதில் என்ன பங்கு என்பதே. பந்தயம் ஊரின் சொத்தாக இருக்கும்போதுதான் அதன் கடினம் தருமமாக மாறுகிறது. ஊர் வெறும் பின்னணிக் காட்சியாகிவிட்டால், எவ்வளவு திரட்டினாலும் அது வந்து போகிறவர்களின் விளையாட்டாகவே நின்றுவிடும்.

அந்தக் கடினம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சைக்கிள் பந்தயம் நடக்கும் ஆகஸ்ட் மாதம், விடிந்தும் விடியாத நேரம், கை விறைக்கும் குளிர். துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் புறப்படுகிறது. பாதியில் இருப்பது கொலம்பைன் சுரங்கம். பழைய சுரங்கச் சாலையில் ஏறி ஏறி அங்கே போனால் உயரம் சுமார் 3,780 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அங்கிருந்து திரும்பி வந்தால், கால்கள் ஏற்கெனவே ஓய்ந்த நிலையில் 'பவர்லைன்' என்ற ஏற்றம் குறுக்கே நிற்கும். மின்கம்பி வரிசைக்குக் கீழே, மழைநீர் அரித்த தடத்தில், உருளும் கற்கள் மீது, பெரும்பாலானோர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவருக்குத்தான் இந்தப் பந்தயத்தின் புகழ்பெற்ற பரிசான பெல்ட் பக்கிள்; ஒன்பது மணி நேரத்துக்குள் முடித்தால் இன்னும் பெரியது. எல்லைக்கோட்டில், பந்தயத்தை க்லோபரோடு சேர்ந்து வளர்த்த மெரிலீ மாப்பின் வந்து சேர்பவர்களை அணைத்து வரவேற்பது பல ஆண்டு வழக்கம். வழியில் தண்ணீரும் உணவும் நீட்டும் கைகள் தன்னார்வலர்களுடையவை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

இவ்வளவு பாடுபட்டுத்தான் தருமம் செய்ய வேண்டுமா, நேராகப் பணத்தைக் கொடுத்துவிட்டால் போதாதா என்பது நியாயமான கேள்வி. கணக்குப்படி பார்த்தால் போதும்தான். மனித மனம் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு நற்காரியத்துக்கு உல்லாசமான விருந்தில் கலந்துகொண்டு நிதி தருவதா, வலியும் உழைப்பும் தேவைப்படும் ஓட்டத்தில் கலந்துகொண்டு தருவதா என்று வரும்போது, வலி இருக்கும் இடத்தில்தான் மக்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். பாடுபட்டுக் கொடுப்பதில்தான் மனம் பொருளைக் காண்கிறது. நேர்த்திக்கடனாகப் பாதயாத்திரை போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இந்த விளைவு எல்லா நோக்கத்துக்கும் ஒன்றுபோல் இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. மனிதத் துன்பத்தைத் துடைக்கும் நோக்கமாக இருந்தால் வலுவாகவும், பூங்கா போன்ற பொழுதுபோக்கு நோக்கமாக இருந்தால் குறைவாகவும் இருந்தது. வலி யாருக்காக என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

அது தெளிவாக இருந்தால் தொகை எவ்வளவு பெரிதாக வளரும் என்பதற்கு ஒரு சாட்சி பான்-மாஸ் சேலஞ்ச். இது மலைப்பந்தயம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடக்கும் சாலைச் சைக்கிள் பயணம். 1980-இல் 36 பேர் மிதித்துத் திரட்டியது 10,200 டாலர். அதே முயற்சி பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு இதுவரை திரட்டித் தந்த மொத்தம் நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பங்கேற்பவர்கள் திரட்டும் பணம் ஒரு சென்ட் குறையாமல் மருத்துவமனைக்குப் போகிறது. நடத்தும் செலவு விளம்பரதாரர்கள் தரும் பணத்திலும் நுழைவுக் கட்டணத்திலும் ஈடாகிறது. நிகழ்ச்சிச் செலவே பாதி பணத்தைத் தின்றுவிடும் என்ற குறை உண்மையான குறைதான். ஆனால் அது விதி இல்லை. ஏற்பாட்டாளர்கள் மனம் வைத்தால் தீர்க்கக்கூடியது. ஒரு பெரிய நிலையத்துக்குப் போகும் பணமும் ஒரு மலையூருக்குள்ளேயே தங்கும் பணமும் வேறுவேறு வேலை செய்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லெட்வில்லில் 2002-இல் ஒரு அறக்கட்டளை உருவானது. பந்தயத்தின் வழி வரும் நிதியிலிருந்து, அந்த வட்டாரப் பள்ளியில் படிப்பை முடித்து மேலே படிக்கப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,000 டாலர் உதவித்தொகை என்பது அதன் அறிவிப்பு. மதிப்பெண் முதலிடம், குடும்ப வறுமை என்று தகுதி பார்த்துப் பிரிப்பதில்லை. சிறு தொகைதான். ஆனால் தெருவில் கூட்டம் கூடும் அந்த ஆகஸ்ட் நாள் தனக்கும் சொந்தம் என்று ஊரின் ஒவ்வொரு வீடும் சொல்லிக்கொள்ள அது இடம் தருகிறது.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற குறையையும் ஒதுக்கிவிட முடியாது. நல்ல மவுண்டன் பைக் ஒன்றின் விலையில் ஒரு ஏழைக் குடும்பம் பல மாதம் சாப்பிடலாம். இதற்குச் சரியான பதில் தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. அங்கே 2004-இல் தொடங்கிய கேப் எபிக், இரண்டிரண்டு பேராக எட்டு நாள் ஓட்டும் கடும்பந்தயம். அதை ஐந்து முறை வென்ற சுவிட்சர்லாந்து வீரர் கிறிஸ்டோஃப் சவுசர், ஸ்டெல்லன்போஷ் அருகே கயாமாண்டி என்ற ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்த சோங்கோ ஃபிபாசாவுடன் சேர்ந்து 2008-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளின் கையில் சைக்கிளும் பாடப்புத்தகமும் சேர்ந்து கிடைக்க வைப்பதே அதன் வேலை. விலை உயர்ந்த விளையாட்டு என்ற குற்றச்சாட்டு, அந்த விளையாட்டுக்குள் ஏழைப் பிள்ளைக்கும் இடம் திறக்கும்போதுதான் வலுவிழக்கிறது. காசோலை நீட்டுவதால் மட்டும் வலுவிழக்காது.

காடும் பாதையும் கெடும் என்ற அச்சத்துக்கு லெட்வில் ஓரளவு ஆறுதல் தருகிறது. அங்கே பாதையின் பெரும்பகுதி ஏற்கெனவே போட்ட சுரங்கச் சாலைகளும் ஜீப் தடங்களும்தான். புதிதாக மலையை வெட்டிப் பாதை போடும் ஊர்கள் இந்த ஆறுதலைச் சொல்லிக்கொள்ள முடியாது. இன்னும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. 2010-இல் லெட்வில் பந்தயத்தை லைஃப் டைம் என்ற பெரிய உடற்பயிற்சி நிறுவனம் வாங்கியது. ஊரின் சொத்து கைமாறியதா என்ற கவலை நியாயமானது. அறக்கட்டளை தனியே தொடர்ந்து இயங்குவது அந்தக் கவலையைக் குறைக்கிறதே தவிர, தீர்த்துவிடவில்லை. பந்தயம் வந்ததால் சுரங்கம் விட்டுப்போன பள்ளம் நிரம்பிவிடவும் இல்லை. லெட்வில்காரர்கள் பலர் இன்றும் கணவாய் தாண்டிப் பனிச்சறுக்கு விடுதிகளுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். ஒரு வாரக் கூட்டம் ஆண்டு முழுவதற்கும் சம்பளம் ஆகாது. அதைப் பந்தயத்திடம் எதிர்பார்ப்பதும் சரியில்லை.

ஆகவே இப்படியொரு பந்தயத்துக்கு நன்கொடை கேட்டு யாராவது உங்களிடம் வந்தால், தயங்காமல் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். திரட்டும் பணத்தில் எவ்வளவு நிகழ்ச்சிச் செலவுக்குப் போகிறது? மீதி யாருக்கு, எதற்காகப் போகிறது? அந்த முடிவை எடுக்கும் மேசையில் பாதை ஓடும் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், ஏறுகிறவரின் ஒவ்வொரு மிதியும் ஊருக்குப் போய்ச் சேரும்.